பள்ளிக்கூட வாசலில் ஒரு தொட்டில்

ஜமைக்கா என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது பாப் மார்லி. ஓட்டப்பந்தயம் பார்ப்பவர் என்றால் உசேன் போல்ட். கிரிக்கெட் பைத்தியம் என்றால் மைக்கேல் ஹோல்டிங்கில் ஆரம்பித்து கோர்ட்னி வால்ஷ், கிறிஸ் கெயில் என்று ஒரு பட்டியலையே ஒப்பிப்பார். அந்தத் தீவு சத்தமில்லாமல் செய்துவரும் இன்னொரு காரியம் எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் வருவதில்லை. பள்ளியில் படிக்கும்போதே கர்ப்பமாகிவிட்ட சிறுமிகளைத் திரும்பவும் வகுப்பறையில் கொண்டுபோய் உட்கார வைப்பதுதான் அது. 1978-லிருந்து அதைச் செய்கிறார்கள்.

கொஞ்சம் கூச்சமான விஷயம்தான். பதினைந்து வயசுப் பெண், வயிற்றில் பிள்ளை என்றால் எந்த ஊரிலும் முதலில் எழும் கேள்வி "யார் காரணம்?" அடுத்தது "ஊர் என்ன பேசும்?" அந்தப் பெண் இந்த வருஷப் பரீட்சையை எழுதுவாளா என்ற கேள்வி வரிசையின் கடைசியில்கூட நிற்பதில்லை. கிங்ஸ்டன் நகரத்தில் சில பெண்கள் அதை முதல் கேள்வியாகக் கேட்டார்கள். அதற்கு முன்னால் அந்தத் தீவில் நடந்ததைத் தெரிந்துகொண்டால்தான் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும்.

ஸ்பெயினிடமிருந்து 1655-ல் ஜமைக்காவைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அதைச் சர்க்கரைத் தீவாக்கினார்கள். கரும்புத் தோட்டத்தில் உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கான மனிதர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அடிமைச் சட்டத்தில் பிள்ளை அம்மாவைச் சேர்ந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், அம்மா யாருடைய சொத்தோ அவருடைய சொத்து. அப்பன் என்று ஒருவன் இருக்கலாம், ஆனால் அவனுக்கு எந்த உரிமையும் கிடையாது. புருஷனை ஒரு தோட்டத்துக்கும் பெண்டாட்டியை இன்னொரு தோட்டத்துக்கும் விற்றுவிடக்கூடிய இடத்தில் கல்யாணத்துக்கு என்ன மரியாதை இருக்கும்?

1838-ல் முழு விடுதலை வந்தது. விடுதலையானவர்கள் கையில் நிலமும் இல்லை, காசும் இல்லை. சர்ச்சில் கல்யாணம் என்பது வீடு வாசல், நாலு பேருக்குச் சாப்பாடு போடும் வசதி எல்லாம் வந்த பிறகு செய்துகொள்வது என்று ஆகிவிட்டது. சேர்ந்து வாழ்ந்து, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுக்கும் வயசில் மோதிரம் மாற்றிக்கொள்வது அங்கே அதிசயமில்லை. 1940-களில் ஜமைக்காவில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு கல்யாணத்துக்கு வெளியே பிறந்தவை.

ஆங்கிலேய அதிகாரிகளுக்கு இது பெரிய ஒழுக்கக்கேடாகத் தெரிந்தது. 1938-ல் கூலி போதவில்லை என்று கரும்புத் தோட்டங்களிலும் கிங்ஸ்டன் துறைமுகத்திலும் கலவரம் வெடித்தது. விசாரிக்க லண்டனிலிருந்து மோய்ன் பிரபு தலைமையில் ஒரு கமிஷன் வந்தது. கூலி, குடியிருப்பு, நோய் என்று எல்லாவற்றையும் பற்றி எழுதிய அந்தக் கமிஷன், ஏழைகளின் குடும்ப வாழ்க்கையும் சீர்கெட்டுக் கிடப்பதாக எழுதி வைத்தது. அடுத்து நடந்ததுதான் கூத்து.

அப்போதைய கவர்னர் ஜான் ஹக்கின்ஸின் மனைவி மோலி ஹக்கின்ஸ், 1944-ல் ஜமைக்கா பெண்கள் கூட்டமைப்பு என்ற சங்கத்தை ஆரம்பித்தார். உற்சாகமான பெண்மணி. நல்ல எண்ணம் உள்ளவர் என்பதிலும் சந்தேகமில்லை. அந்தச் சங்கம் கையில் எடுத்த பெரிய வேலை, கூட்டுக் கல்யாணம். சேர்ந்து வாழும் ஜோடிகளைக் கூட்டம் கூட்டமாகச் சர்ச்சுக்கு அழைத்து வந்து, மலிவு விலை மோதிரம் கொடுத்து, ஒரே நாளில் கல்யாணம் செய்து வைத்தார்கள். இரண்டு மூன்று வருடம் கல்யாணக் கணக்கு ஏறியது. பிறகு பழையபடி இறங்கிவிட்டது. 1950-களின் நடுவில் இயக்கமே ஓய்ந்துபோனது. ஜுரம் அடிக்கிறவனுக்கு மருந்து கொடுக்காமல் "இவருக்கு ஜுரம் இல்லை" என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்த கதைதான்.

ஏன் எடுபடவில்லை என்பதை ஓரளவு சரியாகச் சொன்னவர் ஈடித் கிளார்க். ஜமைக்காவிலேயே பிறந்து, லண்டனில் மானிடவியல் படித்தவர். 1940-களின் கடைசியில் மூன்று கிராமங்களில் ஆராய்ச்சி செய்து 1957-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் தலைப்பைத் தமிழில் "எனக்கு அப்பாவாகவும் இருந்த அம்மா" என்று சொல்லலாம். குடும்பம் எப்படி அமைகிறது என்பதை ஒழுக்கம் தீர்மானிக்கவில்லை, நிலமும் வேலையும் தீர்மானிக்கின்றன என்று அவர் எழுதினார். சொந்த நிலம் வைத்திருந்த ஊரில் ஆட்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். கரும்பு வெட்டும் சீசனுக்கு வந்து போகிற ஊரில் செய்துகொள்ளவில்லை. அவ்வளவுதான்.

இத்தனை பேர் இத்தனை வருடம் பேசியதில் பள்ளிக்கூடம் என்ற வார்த்தையே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காரணம் சுலபம். ஏழை வீட்டுப் பெண்கள் அப்போது மேல்நிலைப் பள்ளி வரை போகவே இல்லை. இல்லாத படிப்பை எப்படிப் பாதியில் விடுவது?

அதே 1957-ல் செயின்ட் ஆன் பகுதியில் டாக்டர் லென்வொர்த் ஜேக்கப்ஸும் அவர் மனைவி பெத் ஜேக்கப்ஸும் முன்நின்று குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1967-ல் அரசே தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் அமைத்தது. "அளவுக்கு மீறிப் பெறுவதைவிட இரண்டே மேல்" என்பது போன்ற ஒரு வாசகத்தை ஊரெங்கும் பரப்பினார்கள். ஆனால் அந்த வாசகம் ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களுக்கானது. முதல் பிள்ளையே பதினைந்து வயசில் வருகிறதே, அதற்கு என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இல்லை.

1972 தேர்தலில் மைக்கேல் மேன்லி பிரதமரானார். மறு வருடமே மேல்நிலைக் கல்வி இலவசம் என்று அறிவித்தார். கதை இங்கேதான் திரும்புகிறது. ஃபீஸ் கட்ட முடியாத வீடுகளிலிருந்து பெண் பிள்ளைகள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு மேல்நிலைப் பள்ளிக்கு வர ஆரம்பித்தார்கள். அதுவரை ஒரு சிறுமி கர்ப்பமானால் அது அந்தக் குடும்பத்தின் கஷ்டம். இப்போது அதோடு அரசாங்கம் செலவழித்த பல வருடப் படிப்பும் போகிறது. லாப நஷ்டக் கணக்கு எழுதத் தெரிந்த யாருக்கும் இது உடனே விளங்கும். பாதி கட்டிய வீட்டை அப்படியே விட்டுவிட்டு வருவது போல.

மேன்லி ஆட்சி 1976-ல் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. கல்யாணத்தில் பிறந்த குழந்தை, கல்யாணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை என்ற பாகுபாட்டை அந்தச் சட்டம் ஒழித்தது. சொத்துரிமை உட்பட எல்லாவற்றிலும் இரண்டும் சமம். முன்னூறு வருடப் பழிச்சொல்லை ஒரு சட்டத்தில் துடைத்தார்கள். ஆனால் ஒரு முரண்பாடு மிஞ்சியது. பிறந்த பிள்ளைக்கு நியாயம் கிடைத்தது, அதைப் பெற்ற பதினைந்து வயசு அம்மாவுக்குப் பள்ளிக்கூடக் கதவு சாத்தியே இருந்தது. வயிறு தெரிய ஆரம்பித்தால் வெளியே போக வேண்டியதுதான். திரும்பி வருவதற்கு வழியே கிடையாது.

அரசாங்கத்தில் பெண்களுக்கென்று 1974-ல் ஒரு பிரிவு தொடங்கி, அடுத்த வருடம் அது தனி அலுவலகமாக வளர்ந்தது. பெக்கி அன்ட்ரோபஸ் என்ற பெண்மணி அதற்கு முதல் தலைவர். அந்த அலுவலகத்தின் கீழ்தான் 1978-ல் கிங்ஸ்டனில் மகளிர் மையம் தொடங்கியது. அந்த வருடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எண்ணெய் விலை ஏறி, அன்னியச் செலாவணி தீர்ந்து, ஜமைக்கா பன்னாட்டு நிதியத்திடம் கடனுக்குப் போய் நின்ற நேரம். ஜமைக்க டாலரின் மதிப்பைக் குறைத்து, அரசுச் செலவை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட வருடத்தில், யாரும் கேட்காத, ஓட்டும் இல்லாத பதினைந்து வயசுச் சிறுமிகளுக்காக ஒரு மையம்!

அந்த மையத்தை நீண்ட காலம் நடத்தி வளர்த்தவர் பமேலா மெக்நீல். அவர் எழுதியவற்றிலிருந்தும் பின்னால் வந்த ஆய்வுகளிலிருந்தும் அது எப்படி இயங்கியது என்று தெரிகிறது. பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. கர்ப்பமான மாணவி, பதினாறு பதினேழு வயசுக்குள் இருப்பவள், பள்ளியை விட்டதும் இங்கே வரலாம். கணக்கு, இங்கிலீஷ் என்று பள்ளிப் பாடங்கள் இங்கேயும் நடக்கும். கூடவே பேறுகாலப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். மனசு விட்டுப் பேச ஒருவர் இருப்பார். பிரசவமாகிச் சில வாரங்களில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபடி வர வேண்டும். பக்கத்து அறையில் தொட்டில்கள் இருக்கும். அம்மா பாடம் படிக்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். அழுதால் வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

அந்தத் தொட்டில் அறைதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று தோன்றுகிறது. அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். காலை எட்டு மணியிலிருந்து மாலை மூன்று மணிவரை பிள்ளையைப் பிடித்துக்கொள்ள யார் வருவார்கள்? அந்தச் சிறுமியின் அம்மாவும் வேலைக்குப் போகிறவள். கூலியை விட்டுவிட்டுப் பேரனைப் பார்த்துக்கொள்ள அவளால் முடியாது. படிப்பு நிற்பதற்குக் காரணம் வெட்கம் மட்டும் இல்லை, இந்த ஏழு மணி நேரமும்தான்.

அம்மாக்களையும் மையத்துக்குக் கூப்பிட்டுப் பேசினார்கள். அவர்களில் பலர் தாங்களே பதினாறு பதினேழில் பிள்ளை பெற்றவர்கள். மகளாவது தப்பிப்பாள் என்று நினைத்து ஃபீஸும் யூனிஃபார்மும் வாங்கிக் கொடுத்தவர்களுக்கு இது இடிபோல இறங்கியிருக்கும். கோபத்தில் வீட்டைவிட்டுத் துரத்தியவர்களும் உண்டு. அங்கே "பேபி ஃபாதர்" என்று சொல்லப்படும் பிள்ளையின் அப்பாவையும், சிறு பையனாக இருந்தால், வரவழைத்துப் பேசினார்கள். பொறுப்பு, வேலைப் பயிற்சி என்று அவர்களுக்கும் ஒரு பகுதி இருந்தது.

அடுத்தது கடினமான கட்டம். மையம் ஒரு தங்கும் இடம் மட்டும்தான். அங்கிருந்து அந்தப் பெண் நிஜமான பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டும். மையத்து ஆட்கள் ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் போய்ப் பேசி இடம் கேட்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் பழைய பள்ளியில் சேர்க்காமல், அவளைத் தெரியாத வேறு பள்ளியில் சேர்த்தார்கள். கேலி பேசுவார்களே என்பது ஒரு காரணம், பழைய பள்ளி ஒப்புக்கொள்ளாது என்பது இன்னொன்று. இத்தனைக்கும் சட்டம் இதற்கு இடம் கொடுத்தது. 1980-ல் வந்த கல்வி விதிகளின்படி கர்ப்பமான மாணவி பள்ளியிலிருந்து விலகியிருக்க வேண்டும், ஆனால் பிறகு திரும்பி வரவும் வழி உண்டு. ஏட்டில் அப்படி. நடைமுறையில் அந்த வழியின் சாவி தலைமையாசிரியர் பாக்கெட்டில் இருந்தது. ஜமைக்காவின் பெயர் பெற்ற பள்ளிகள் பலவும் சர்ச்சுகள் ஆரம்பித்தவை. பள்ளியின் நல்ல பெயர் போய்விடும் என்று அவை பயந்தன.

இரண்டாவது கர்ப்பத்தைத் தடுப்பது மையத்தின் இன்னொரு வேலை. இதை அதிகம் சத்தம் போடாமல் செய்தார்கள். கருத்தடை பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள், அதற்கான வழியும் செய்தார்கள். பதினைந்தில் ஒன்று, பதினேழில் ஒன்று என்று ஆகிவிட்டால் பிறகு எந்தப் பள்ளியும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். மையத்துக்கு வந்த பெண்கள், வராதவர்களைவிட அதிகம் படித்தார்கள், அடுத்த பிள்ளையைத் தள்ளிப் போட்டார்கள் என்றுதான் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். ஒரு சிறுமிக்கு உதவி செய்தால் மற்றவர்களுக்கும் துளிர் விட்டுப் போகும் என்று பயந்தவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

1980-ல் மேன்லி தோற்று, நேர் எதிரான கொள்கை உள்ள எட்வர்ட் சியாகா வந்தார். மேன்லி காலத்துத் திட்டங்கள் பலவும் அடிபட்டன. மையம் பிழைத்துக்கொண்டது. மான்டிகோ பே, மாண்டவில், போர்ட் அன்டோனியோ, சவானா லா மார் என்று கிளைகளும் வந்தன. பல்லாயிரம் சிறுமிகள் அதன் வழியாகப் போயிருக்கிறார்கள். எண்களையும் பார்த்துவிடலாம். 15 முதல் 19 வயது வரையுள்ள ஆயிரம் பெண்களுக்கு 1975-ல் வருடத்துக்கு 137 பிரசவங்கள் நடந்தன. 1997-ல் 112. 2008-ல் 72. இது முழுக்க மையத்தின் சாதனை என்று சொன்னால் அது அளப்பு. பள்ளிகள் பெருகின, கருத்தடை சுலபமாகக் கிடைத்தது, மக்கள் வெளிநாடு போனார்கள், காலமும் மாறியது. மையம் அதில் ஒரு பங்கு.

குறையும் இருக்கிறது. இந்தக் கதை முழுக்கப் பெண்ணைச் சுற்றியே வருகிறது. அந்தப் பையனும் பள்ளி மாணவன் என்றால் அவன் மறுநாளும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனான். வளர்ந்த ஆண் என்றால் விஷயம் இன்னும் மோசம். உடலுறவுக்குச் சம்மதம் தரும் வயது ஜமைக்காவில் 1988 வரை வெறும் 14. அதற்குப் பிறகு 16. அப்படியானால் மையத்துக்கு வந்த பல சிறுமிகள் சட்டப்படி ஒரு குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள். அவர்களைத்தான் பள்ளி "விலகியிரு" என்றது.

2013-ல் ஒரு வழியாகச் சாவி கைமாறியது. பள்ளி வயதுத் தாய்மார்களைத் திரும்பச் சேர்ப்பதற்கான தேசியக் கொள்கையை ஜமைக்க அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழைய பள்ளிக்கே திரும்பலாம், தலைமையாசிரியர் தன்னிஷ்டத்துக்கு முடியாது என்று சொல்லக் கூடாது. எதிர்ப்பு வராமல் இல்லை. அப்போது கல்வி அமைச்சராக இருந்த ரொனால்ட் த்வெய்ட்ஸ் அரசியல்வாதி மட்டுமல்ல, கத்தோலிக்க சபையில் திருத்தொண்டராகப் பட்டம் பெற்றவர். "மதம் இதற்கு எதிர்" என்று சொன்னவர்களுக்கு அது கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்கும்.

ஆக, மையம் ஆரம்பித்து முப்பத்தைந்து வருடம் ஆனது. தனிக் கட்டடம் முதலில் வந்தது, உரிமை கடைசியில் வந்தது. தனிக் கட்டடம் என்பது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. அது எப்படி என்று பார்க்க ஜமைக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்ட வேண்டும். தாண்டுவதற்குப் பழைய பாதை ஒன்றும் இருக்கிறது. ஜமைக்காவில் ஆங்கிலேயரை எதிர்த்து மலைகளில் சுதந்திரமாக வாழ்ந்த மரூன் மக்களில் ஒரு பகுதியினரை நாடு கடத்தி, கனடா வழியாக 1800-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் கொண்டுபோய் இறக்கினார்கள். இறக்கிய இடம் ஃப்ரீடவுன். இன்றைய சியரா லியோனின் தலைநகரம்.

சியரா லியோனில் 2014 மே மாதம் எபோலா நுழைந்தது. அந்த நாட்டில் மட்டும் ஏறக்குறைய 4,000 பேர் செத்தார்கள். பள்ளிகளை ஒன்பது மாதம்போல மூடி வைத்தார்கள். ஊரடங்கு, வேலையில்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை, அம்மா அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைகள். வீட்டில் அடைந்து கிடந்த சிறுமிகளுக்கு என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. எபோலா காலத்தில் கர்ப்பமான சிறுமிகள் 18,000 பேர் என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியம் கணக்கிட்டது. அதற்கு முன்பும் நிலைமை நன்றாக இல்லை. 2013 கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 28 சதவீதம் பேர் தாயாகியிருந்தார்கள் அல்லது கர்ப்பமாக இருந்தார்கள்.

தற்செயலாக ஒரு ஆராய்ச்சியும் அப்போது நடந்துகொண்டிருந்தது. பங்களாதேஷைச் சேர்ந்த பிராக் என்ற தொண்டு நிறுவனம் சில கிராமங்களில் மட்டும் பெண் பிள்ளைகளுக்கான சங்கங்களை ஆரம்பித்திருந்தது. கூடிப் பேச ஒரு பாதுகாப்பான இடம், உடல்நலம் பற்றிய விவரங்கள், கொஞ்சம் தொழிற்பயிற்சி. பொருளாதார ஆய்வாளர்கள் 4,700 பெண்களைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். எபோலா கடுமையாகப் பாதித்த, சங்கம் இல்லாத ஊர்களில் இளம் பெண்கள் ஆண்களோடு கழித்த நேரம் கூடியது, கர்ப்பங்கள் கூடின. எபோலா முடிந்த பிறகு பள்ளிக்குப் போகும் இளம் பெண்களின் விகிதம் 16 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. சங்கம் இருந்த ஊர்களில் இந்தச் சரிவு ஏறக்குறைய இல்லாமலே போனது. தினமும் சில மணி நேரம் போய் உட்கார ஒரு இடம், அவ்வளவுதான் வித்தியாசம். கிங்ஸ்டனின் தொட்டில் அறை ஞாபகம் வருகிறதா?

அரசாங்கம் வேறு பாதையில் போனது. 2015 ஏப்ரலில் பள்ளிகளைத் திறக்கும் நேரத்தில் கல்வி அமைச்சர் மின்கைலு பா ஓர் உத்தரவைச் சொன்னார். கர்ப்பமாக இருப்பது வெளியே தெரியும் மாணவிகள் வகுப்புக்கு வரக் கூடாது, பொதுப் பரீட்சையும் எழுதக் கூடாது. மற்ற அப்பாவிப் பெண்கள் இவர்களைப் பார்த்துக் கெட்டுப்போவார்களாம். சில பள்ளிகளில் மாணவிகளின் வயிற்றையும் மார்பையும் தொட்டுச் சோதித்தார்கள், சிறுநீர்ப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள் என்று ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அந்த வருடமே அறிக்கை வெளியிட்டது. பலாத்காரத்துக்கு ஆளாகிக் கர்ப்பமானவர்களுக்கும் விலக்கு இல்லை. பள்ளிகளை ஒன்பது மாதம்போலப் பூட்டியது அரசாங்கம். அதன் விளைவுக்குத் தண்டனை அனுபவித்தது சிறுமிகள்.

கண்டனம் வந்ததும் வெளிநாட்டு உதவியோடு கர்ப்பிணிச் சிறுமிகளுக்குத் தனி வகுப்புகள் ஆரம்பித்தார்கள். "பள்ளிதான் இருக்கிறதே, பிறகென்ன?" என்பது அரசின் வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் கிங்ஸ்டன் மையமும் இதுவும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டும் தனிக் கட்டடம், இரண்டிலும் வயிற்றுப் பிள்ளையோடு படிக்கும் பெண்கள். ஆனால் சியரா லியோனின் தனி வகுப்பு வாரத்துக்கு மூன்று நாள்தான், நாலே பாடம்தான். விருப்பப்பட்டுப் போகிற இடமும் இல்லை, வேறு வழி இல்லாததால் போகிற இடம். பரீட்சை எழுதும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டு கொடுத்த பள்ளி அது. கிங்ஸ்டனிலும் 1980 விதிகள் மாணவியை வெளியேதான் அனுப்பின. ஆனால் மையத்தின் நோக்கமே அவளை உள்ளே திரும்ப அனுப்புவது. இங்கே நோக்கம் மற்றவர்கள் கண்ணில் படாமல் வைப்பது.

வேவ்ஸ் என்ற உள்ளூர் பெண்கள் அமைப்பு, வேறு சில மனித உரிமை அமைப்புகளோடு சேர்ந்து 2018-ல் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொது நீதிமன்றத்துக்குப் போனது. நைஜீரியாவின் அபுஜாவில் இருக்கிறது அந்த நீதிமன்றம். 2019 டிசம்பர் 12-ம் தேதி தீர்ப்பு வந்தது. தடை பாகுபாடானது, உடனே நீக்க வேண்டும், தனிப் பள்ளிகளும் பாகுபாடுதான், அவற்றையும் மூட வேண்டும். தனிப் பள்ளி இருப்பதே நியாயத்துக்கு அத்தாட்சி என்று சொல்லிக்கொண்டிருந்த அரசுக்கு அந்தப் பள்ளியே குற்றச்சாட்டாக மாறியது.

இதே காலத்தில் ஆப்பிரிக்காவின் மறுகோடியில் தான்சானியாவிலும் ஒரு சண்டை நடந்தது. கர்ப்பமான பெண் பள்ளிக்குத் திரும்பவே முடியாது என்று அதிபர் மகுஃபுலி 2017-ல் பொதுக்கூட்டத்தில் அறிவித்தார். அடுத்த வருடம் உலக வங்கி 30 கோடி டாலர் கல்விக் கடனை நிறுத்தி வைத்தது. அவர் இறந்த பிறகு, 2021 நவம்பரில்தான் அங்கே தடை நீங்கியது.

சியரா லியோனில் முந்தைய அதிபரின் ஆட்சி 2018-லேயே மாறியிருந்தது. புதிய அதிபர் ஜூலியஸ் மாடா பயோ பாலியல் வன்முறையை 2019 பிப்ரவரியில் தேசிய அவசரநிலை என்று அறிவித்தவர். அப்படிப்பட்டவரே தடையை நீக்க ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். தீர்ப்பு வந்து மூன்றரை மாதம் கழித்து, 2020 மார்ச் 30-ம் தேதி தடை நீங்கியது. பெண்கள் கொண்டாடியிருப்பார்கள். ஆனால் கொண்டாட்டத்துக்கு அவகாசம் கிடைக்கவில்லை. மறுநாளே நாட்டில் முதல் கொரோனா நோயாளியைக் கண்டுபிடித்தார்கள், பள்ளிகளை மூடினார்கள். ஐந்து வருடம் சாத்தியிருந்த கதவைத் திறந்த கையோடு பள்ளிக்கூடமே சாத்திக்கொண்டது.

இந்தத் தடவை எபோலாவின் பாடம் ஞாபகம் இருந்தது. எபோலா காலத்தில் தொடங்கிய ரேடியோ பாடங்களைத் தூசு தட்டி எடுத்தார்கள். பரீட்சை வகுப்புகளை மட்டும் ஜூலையிலேயே கூப்பிட்டார்கள். 2020 அக்டோபரில் எல்லா வகுப்புகளையும் திறந்தார்கள். வாசலில் நின்று யாருடைய வயிற்றையும் பார்க்க ஆசிரியர்களுக்கு இப்போது உத்தரவு இல்லை. கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள், மாற்றுத்திறனாளிகள் எல்லாரும் ஒரே வகுப்பறையில் என்ற கொள்கையை 2021-ல் எழுத்திலும் கொண்டுவந்தார்கள். பிள்ளையை அந்த ஏழு மணி நேரம் யார் பார்த்துக்கொள்வது என்பது மட்டும் பெரும்பாலான ஊர்களில் இன்னும் பாட்டிகளின் தலையில்தான் இருக்கிறது.